நாலு போதாத கதவு

மேடம்: நீங்க போட்டது மார்க்கா, தானமா? அதை மட்டும் சொல்லுங்க சார், போயிடறேன்.

கணக்கு சார்: முதல்ல அந்தக் கதவைப் பிடிம்மா. அதைச் சும்மா விட்டா…

மேடம்: விட்டுட்டேனே.

கணக்கு சார்: …அறைஞ்சாச்சு. என்னைக்காவது ஒருநாள் அந்தச் சத்தத்துலயே என் நெஞ்சு நிக்கப் போகுது. கதவு மெதுவா மூடறதுக்கு மேல மாட்டியிருக்கிற டோர் குளோசர்ல எண்ணெய் முழுக்க ஒழுகிப் போச்சு, பாரு, சுவரெல்லாம் கறை. எழுதிக் குடுத்து மாசமாகுது, ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. சரி, உட்காரு. யாருக்கு என்ன தானம் பண்ணிட்டேன்?

மேடம்: உட்கார வரலை. நூறு.

கணக்கு சார்: என்ன நூறு?

மேடம்: அந்தப் பொண்ணு சார். முதல் வருஷம் உங்க பேப்பர்ல நூத்துக்கு நூறு வாங்கினாளே. அதுலேருந்து காலேஜே அவளை நூறுன்னுதானே கூப்பிடுது.

கணக்கு சார்: ஓ, நம்ம நூறா! அவளுக்கு என்ன? பேனாவை எடுத்தா நிறுத்தாம போடுவா. ரஃப் ஷீட் கூட கேட்க மாட்டா.

மேடம்: என் பேப்பர்ல சைபர்.

கணக்கு சார்: சும்மா இரும்மா.

மேடம்: சைபர் சார். முட்டை. வைப்ரேஷன், அதான் அதிர்வுப் பேப்பர்ல மூணு பரீட்சை வச்சேன், மூணுலயும் கேள்வி நம்பரை மட்டும் அழகா எழுதி வச்சிருக்கா. கீழ வெள்ளைக் காகிதம்.

கணக்கு சார்: வேற யாரையாவது சொல்றியோ?

மேடம்: நம்ம காலேஜ்ல எத்தனை நூறு சார் இருக்கு?

கணக்கு சார்: …உடம்பு கிடம்பு சரியில்லையா?

மேடம்: கேட்டாச்சு. வீட்டுல பிரச்சனையான்னு கேட்டாச்சு. காதல் கத்திரிக்கான்னு கூட கேட்டாச்சு, அதுக்கு மட்டும் சிரிச்சா. மத்தபடி வாய்ல பூட்டு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு… அதான் நேரா உங்ககிட்ட வந்துட்டேன். அந்த நூறு நிஜமா, இல்ல பாவம் பொண்ணுன்னு அள்ளிக் குடுத்தீங்களா?

கணக்கு சார்: இந்தா, வார்த்தையைப் பார்த்துப் பேசு. நான் அரை மார்க்குக்கு அழுதவங்களையே திரும்பிப் பார்க்காதவன். என்னைப் பசங்க கஞ்சன்னு கூப்பிடறது உனக்குத் தெரியாதா?

மேடம்: தெரியும். அதனாலதான் குழம்பிப் போய் நிக்கறேன்.

கணக்கு சார்: இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? ஃபெயில்னா அடுத்த வருஷம் எழுதட்டுமே.

மேடம்: அடுத்த வருஷமா? ஜன்னல் வழியா வராந்தாவுல எட்டிப் பாருங்க.

கணக்கு சார்: யாரு அது, டிரங்குப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு…

மேடம்: அவளோட அப்பா. ஹாஸ்டலைக் காலி பண்ணிக் கூட்டிட்டுப் போக வந்துட்டார். "ஒரு வருஷம் போச்சுன்னா போச்சும்மா, எங்களால இழுக்க முடியாது, வீட்டோட இருக்கட்டும்"னு என்கிட்டயே சொல்றார். கத்தல, திட்டல. கையைக் கட்டிக்கிட்டுச் சொல்றார் சார். அதான் எனக்குத் தாங்கல.

கணக்கு சார்: பக்கத்துல ஒட்டகம் மாதிரி ஒரு பையன்…

மேடம்: அவன் வீட்டுப்பாடம்.

கணக்கு சார்: என்னது?

மேடம்: பட்டப்பேரு சார். அவ வகுப்புதான். அது வேற கதை, விடுங்க. அந்த அப்பாவுக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கான் போல. இப்ப விஷயம் என்னன்னா, பிரின்சிபால் கையில கால்ல விழுந்து ஒரு வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி வாங்கியிருக்கேன். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சரியாச் சொன்னாப் போதும், பாஸ் போட்டுடுவேன். காலைல கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். ம்ஹூம். ஆபீஸ் மூடறதுக்குள்ள மார்க் போயாகணும்.

கணக்கு சார்: பேசாமப் பாஸ் போட்டுடேன். யார் கேட்கப் போறா?

மேடம்: நான் கேட்பேன். எதுவும் தெரியாத ஒருத்தியைத் தள்ளிவிட்டா, நாளைக்கு அவ போடற பாலத்துல யாரோ நடப்பாங்க. எனக்கு இது ரெண்டுல ஒண்ணு தெரியணும். நூறு நிஜம்னா, அந்தப் பெட்டியை நானே பிடுங்கி உள்ள வைப்பேன். தானம்னா… அவ போகட்டும். எங்க அப்பாவும் ஒருநாள் இதே மாதிரி ஒரு பெட்டியோட வந்தவர்தான். எங்க வீட்டுல முதல்ல காலேஜ் வாசல் மிதிச்சவ நான். என்னைக் கூட்டிட்டுப் போக விடாம ஒருத்தராவது சண்டை போட்டாங்களான்னா, இல்ல. நானேதான் போட்டேன்.

கணக்கு சார்: சரி சரி. மூச்சு விடு. அவளை இங்க கூப்பிடறேன். உன் கண்ணு முன்னாடியே பார்த்துடுவோம். …ஏம்மா நூறு! இங்க வா! அப்பா, நீங்க எழுந்திரிக்க வேணாம், உட்காருங்க. தம்பி, அவருக்குக் குடிக்கத் தண்ணி வாங்கிக் குடு.

நூறு: கூப்பிட்டீங்களா சார்?

கணக்கு சார்: கதவு…

நூறு: பிடிச்சுக்கிட்டேன் சார்.

கணக்கு சார்: பாரு, இந்தக் காலேஜ்லயே கதவைப் பிடிச்சு மூடத் தெரிஞ்ச ஒரே ஆள்.

மேடம்: ஜாடைப் பேச்செல்லாம் வேணாம் சார். கேள்வியைக் கேளுங்க.

கணக்கு சார்: பயப்படாதம்மா. இது பரீட்சை இல்ல. இந்தா சாக்பீஸ். நான் பலகையில ஒரு வரி எழுதறேன். ஒய் டபுள் டேஷ், கூட்டல் நாலு ஒய் டேஷ், கூட்டல் பதிமூணு ஒய், சமம் பூஜ்யம். ஞாபகம் இருக்கா?

நூறு: இருக்கு சார்.

கணக்கு சார்: போடு பார்ப்போம்.

நூறு: எம் ஸ்கொயர், நாலு எம், பதிமூணு. ரெண்டு மூலம் வரும். மைனஸ் ரெண்டு, கூட மூணு ஐ. மைனஸ் ரெண்டு, கழிச்சா மூணு ஐ. அதனால ஒய் சமம், ஈ பவர் மைனஸ் ரெண்டு எக்ஸ், அடைப்புக்குள்ள காஸ் மூணு எக்ஸும் சைன் மூணு எக்ஸும். முன்னாடி ஏ, பி ரெண்டு எழுத்து. போதுமா சார், ஏ பி கண்டுபிடிக்கணுமா?

கணக்கு சார்: போதும் தாயே. …என்ன மேடம், தானமா? வரும்போது அவ்வளவு சத்தம் போட்டியே.

மேடம்: இவ… இவ்வளவு வேகமாவா… ஒரு நிமிஷம் சார். பலகையை அழிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். நூறு, இங்க பாரு. அந்தப் பக்கம் இல்ல, என்னைப் பாரு.

நூறு: சொல்லுங்க மேடம்.

மேடம்: ஒரு ஸ்பிரிங்ல ஒரு கிலோ எடை தொங்குது. ஸ்பிரிங்கோட விறைப்பு பதிமூணு. பக்கத்துலயே ஆட்டத்தை அடக்கறதுக்கு ஒரு டேம்பர், உள்ள எண்ணெய் இருக்கிற குழாய், அதோட அளவு நாலு. எடையைக் கொஞ்சம் கீழ இழுத்து விடறேன். அது எப்படி ஆடும்?

நூறு: …

மேடம்: மெதுவா யோசி.

நூறு: …

மேடம்: ஆடுமா, ஆடாதா? அதையாவது சொல்லு.

நூறு: ஃபார்முலா மறந்து போச்சு மேடம்.

மேடம்: எந்த ஃபார்முலா?

நூறு: அந்த மூணுல முதலாவது… ரூட்டுக்குள்ள ஏதோ வரும்.

மேடம்: பார்த்தீங்களா சார்? பார்த்துக்குங்க! காலைல இதேதான். மூணு பரீட்சையிலயும் இதேதான்!

கணக்கு சார்: கத்தாதேம்மா. அவளுக்குத் தெரிஞ்சது கணக்கு. நீ கேட்கிறது உன் பாடம். ஸ்பிரிங், குழாய், எண்ணெய்னு… அது வேற கடை சரக்கு. என்னைக் கேட்டாலும் தெரியாதுதான்.

மேடம்: உங்களுக்குமா தெரியாது?

கணக்கு சார்: எனக்கு எப்படித் தெரியும்?

மேடம்: சார்… கேலி பண்ணலையே?

கணக்கு சார்: நான் ஏன் கேலி பண்ணப் போறேன்?

மேடம்: கொஞ்சம் திரும்பிப் பலகையைப் பாருங்க. ஒரு கிலோ, அது ஒய் டபுள் டேஷுக்கு முன்னாடி நிக்கிற ஒண்ணு. அடக்கறது நாலு, அந்த நாலு. விறைப்பு பதிமூணு, அந்தப் பதிமூணு. நான் வேணும்னேதான் உங்க நம்பரையே எடுத்துக் கேட்டேன். பதில் அவ முதுகுக்குப் பின்னாடியே சாக்பீஸ்ல இருக்கு சார். அவளே எழுதினது. கை கூட இன்னும் வெள்ளையா இருக்கு!

கணக்கு சார்: இரு, இரு… அந்த ஒய் எது?

மேடம்: எடை எவ்வளவு தூரம் தள்ளி நிக்குதுங்கறது.

கணக்கு சார்: எக்ஸ்?

மேடம்: நேரம்.

கணக்கு சார்: நேரமா! அப்ப ஒய் டேஷ் வந்து… வேகம். டபுள் டேஷ்…

மேடம்: முடுக்கம். பள்ளிக்கூடத்துல படிச்சது சார்.

கணக்கு சார்: அடப்பாவி! இதையா நான் தலை நரைக்கிற வரைக்கும் நாலாவது பாடம், நாலாவது பாடம்னு… இது ஒரு பொருளா? தொங்குமா இது?

மேடம்: தொங்கும். ஆடும். கடைசியில நிக்கும்.

கணக்கு சார்: எனக்கு யாரும் சொல்லலியேம்மா! எனக்குச் சொல்லிக் குடுத்தவரும் சொல்லல. புத்தகத்துல பாடத்தோட கடைசிப் பக்கத்துல "பயன்பாடுகள்"னு என்னமோ படமெல்லாம் போட்டிருக்கும்…

மேடம்: இருக்குல்ல? அதைப் பார்க்கலியா?

கணக்கு சார்: பரீட்சைக்கு வராது. தாண்டிடுவேன்.

மேடம்: தாண்டிடுவீங்களா? மனசாட்சியோட சொல்லுங்க சார், ஒரு தலைமுறைப் பசங்களுக்கு எதுக்குன்னே சொல்லாம ஒரு கருவியைக் கையில குடுத்து…

கணக்கு சார்: என்னை மட்டும் ஏறு! உன் புத்தகத்துல இந்த வரி எங்கயுமே இல்லையா? என் வரி?

மேடம்: …இருக்கு.

கணக்கு சார்: எங்க?

மேடம்: முதல் பக்கத்துல. ஃபார்முலா எங்கேருந்து வந்துச்சுன்னு அதுலேருந்துதான் ஆரம்பிக்கும்.

கணக்கு சார்: அப்ப நீ வகுப்புல காட்டியிருப்பியே.

மேடம்: …பரீட்சைக்கு வராது சார்.

கணக்கு சார்: தாண்டிடுவே!

மேடம்: நேரா மூணு ஃபார்முலாவுக்குப் போயிடுவேன். நானே அப்படித்தான் பாஸ் பண்ணினேன். எங்களை மாதிரி வீட்டுல கேட்க ஆள் இல்லாதவங்களுக்கு ஃபார்முலாதான் ஊன்றுகோல், அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்கன்னு…

கணக்கு சார்: நல்லா இருக்கும்மா நம்ம கதை. நான் கடைசிப் பக்கத்தைத் தாண்டறேன், நீ முதல் பக்கத்தைத் தாண்டறே. நடுவுல இருக்கிற பள்ளத்துல இந்தப் பொண்ணு விழுந்து கிடக்கா. அங்க அப்பன் பெட்டியோட காத்துக்கிட்டு… ஐயோ, காத்து! கதவைத் திறந்துடுச்சு, பிடி, பிடி…

மேடம்: நான் எட்டறதுக்குள்ள… ச்சே! என்ன அறை! காதே அடைச்சுப் போச்சு.

நூறு: நாலு போதலை.

கணக்கு சார்: …என்ன சொன்னே?

நூறு: ஒண்ணும் இல்ல சார்.

கணக்கு சார்: இல்ல, இப்ப ஏதோ சொன்னே. மேடம், நீ கேட்டியா?

மேடம்: நாலு போதலைன்னு சொன்னா. எதுக்கு நாலு போதலை?

நூறு: சும்மா வாய்ல வந்துச்சு மேடம்.

கணக்கு சார்: வாய்ல வர்றதுக்கு அது பாட்டா? கதவு அறைஞ்சதும் நாலு போதலைன்னா… இந்த நாலா? பலகையில இருக்கிற நாலா?

மேடம்: நூறு. என்னைப் பாரு. உனக்குத் தெரியும்.

நூறு: எனக்கு… ஃபார்முலா தெரியாது மேடம்.

மேடம்: ஃபார்முலாவைத் தூக்கிக் குப்பையில போடு! உனக்கு இது ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். எப்போலேருந்து தெரியும்?

நூறு: உங்க முதல் வாரத்துலேருந்து.

மேடம்: என்னது?

நூறு: நீங்க ஸ்பிரிங்கைப் பலகையில வரைஞ்சீங்க. எடை, விறைப்பு, அடக்கறதுன்னு மூணு எழுத்துப் போட்டீங்க. அப்பவே தெரிஞ்சுது. இது சாரோட நாலாவது பாடம்னு.

மேடம்: தெரிஞ்சுமா… தெரிஞ்சுமா மூணு பரீட்சையிலயும் வெள்ளைக் காகிதம் குடுத்தே? காலைல சிலை மாதிரி நின்னே? உங்க அப்பா அங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, இப்பக் கூட மறந்து போச்சுன்னே! உனக்கு என்ன பைத்தியமா?

கணக்கு சார்: மெல்லம்மா, மெல்ல…

மேடம்: எப்படி சார் மெல்ல? மூணு பரீட்சை சார்!

நூறு: பதில் ஒவ்வொரு தடவையும் தெரியும் மேடம். மனசுக்குள்ள போட்டுடுவேன். அதை உங்க ஃபார்முலாவுல எப்படி எழுதறதுன்னுதான் தெரியாது. நேரா எழுதக் கை வரல.

மேடம்: ஏன் வரல? நானா கையைப் பிடிச்சேன்?

கணக்கு சார்: சொல்லும்மா. இங்க யாரும் அடிக்கப் போறதில்ல.

நூறு: முதல் நாள் மேடம் சொன்னாங்க சார். "முதல் வருஷக் கணக்கையெல்லாம் வாசல்ல செருப்போட கழட்டி வச்சுட்டு வாங்க. என் பாடத்துக்கு மூணு ஃபார்முலா போதும்"னு.

மேடம்: அது… பசங்க பயப்படக் கூடாதுன்னு சொன்னது. எல்லாரும் சொல்றதுதானே!

கணக்கு சார்: நானும் சொல்வேன். "இந்தப் பேப்பரைத் தாண்டிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தச் சனியனைப் பார்க்க வேண்டாம்"னு. கைதட்டுவாங்க.

நூறு: அப்புறம் அந்தத் திடீர் டெஸ்ட் மேடம்.

மேடம்: எந்தத் திடீர் டெஸ்ட்?

நூறு: அரைத் தாள்ல எழுதச் சொன்னீங்களே. ஒரே ஒரு கேள்வி. ஒரு கிலோ, அடக்கறது ரெண்டு, விறைப்பு பத்து. ஒரு தாளை மட்டும் கையில எடுத்து வகுப்புல வாசிச்சீங்க.

மேடம்: ஓ… அந்த வீட்டுப்பாடமா!

கணக்கு சார்: அந்தப் பையனா? இப்பவாவது சொல்லு, அது என்ன பேரு?

மேடம்: ஒண்ணும் இல்ல சார், ஒரு கிண்டல். தாள் கட்டைத் திருத்திக்கிட்டே வர்றேன், ஒரு தாள்ல ஒய்னு இருக்கு, எக்ஸ்னு இருக்கு. என் பாடத்துல ஒய்யே கிடையாது. ஃபார்முலா ஒண்ணைக் கூட காணோம். பேரு கூட எழுதல. "யாருப்பா இது, தம்பியோட கணக்கு வீட்டுப்பாடத்தைத் தூக்கிட்டு வந்து எனக்குக் குடுத்தது"ன்னு கேட்டு, ஒவ்வொரு வரியா ராகம் போட்டு வாசிச்சேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரிச்சுது. கடைசி பெஞ்சுலேருந்து அவன் எழுந்து, "நான்தான் மேடம்"னான். அன்னைக்கு ஒட்டின பேரு.

கணக்கு சார்: பதில் சரியா இருந்துச்சா?

மேடம்: எது?

கணக்கு சார்: அந்தத் தாள்ல. பதில்.

மேடம்: ஃபார்முலா இருந்தா ரெண்டு மார்க், நம்பரைப் போட்டா ரெண்டு, விடைக்கு ஒண்ணு. ஃபார்முலாவே இல்லாத தாள்ல நான் ஏன் சார் விடை சரியான்னு…

கணக்கு சார்: பார்க்கலியா?

மேடம்: …பார்க்கல.

நூறு: மைனஸ் ஒண்ணு, மூணு ஐ. ஈ பவர் மைனஸ் எக்ஸ், உள்ள காஸ் மூணு எக்ஸ், சைன் மூணு எக்ஸ்.

கணக்கு சார்: அந்தத் தாளா? உனக்கு எப்படி இவ்வளவு அச்சா ஞாபகம் இருக்கு?

நூறு: …மேடம் சத்தமாத்தானே சார் வாசிச்சாங்க.

மேடம்: ஒண்ணு, ரெண்டு, பத்து. பத்துக்கு ரூட்… மூணு புள்ளி ஒண்ணு ஆறு. அடக்கற விகிதம்… இருங்க, ஃபோன்ல போட்டுப் பார்க்கறேன். …மூணு.

கணக்கு சார்: என்ன மூணு?

மேடம்: என் மூணு ஃபார்முலாவும் போட்டு, தசமம் தசமமாப் பெருக்கி, கடைசியில வர்ற விடை சுத்தமா மூணு. அந்தத் தாள்ல ரெண்டே வரியில வந்த அதே மூணு. சரி சார். அது சரி. நான் ராகம் போட்டு வாசிச்சது… சரியான விடையை.

கணக்கு சார்: தண்ணி குடிக்கிறியா?

மேடம்: வகுப்புலயே சரியான விடையைத்தான் நான்… எல்லாரும் சிரிக்கிற மாதிரி… இத்தனைக்கும் நான்தான் வாய் கிழியப் பேசுவேன் சார், இந்தப் பசங்க படிச்சதை இங்க கொண்டு வந்து போட மாட்டேங்கிறாங்கன்னு! கொண்டு வந்து போட்டவனைத்தான்…

நூறு: அதுக்கப்புறம் யாரும் எழுதல மேடம்.

மேடம்: யாருமா? உன்னைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா இது?

நூறு: நாலஞ்சு பேருக்குத் தெரியும். வெளிய பேசிக்குவோம். உள்ள வந்தா ஃபார்முலாதான். வராதவங்க வெள்ளைக் காகிதம்.

மேடம்: நூறு. வாய்மொழித் தேர்வு இப்ப ஆரம்பிக்குது. ஒய் போடு, எக்ஸ் போடு, உனக்குப் பிடிச்ச எழுத்தைப் போடு. முதல் கேள்வி. எதுக்கு நாலு போதலை?

நூறு: இந்தக் கதவுக்கு மேடம்.

மேடம்: விளக்கமாச் சொல்லு.

நூறு: டோர் குளோசர்ல ஸ்பிரிங்கும் இருக்கு, எண்ணெயும் இருக்கு. ஸ்பிரிங் இழுக்குது, எண்ணெய் அடக்குது. எண்ணெய் ஒழுகினா அடக்கற அளவு குறைஞ்சுடும். நீங்க கேட்ட கணக்கையே கதவுன்னு வச்சுக்கலாம். நாலை நாலால பெருக்கினா பதினாறு. பதிமூணை நாலால பெருக்கினா அம்பத்திரண்டு. பதினாறு கம்மியா இருக்கிறதால ரூட்டுக்குள்ள மைனஸ் வருது. மைனஸ் வந்தா ஐ வருது. ஐ வந்தா ஆடும். ஆடினா, நிக்க வேண்டிய இடத்துல நிக்காம அதைத் தாண்டிப் போகப் பார்க்கும். குறுக்க நிலை இருக்கு. அறையும்.

கணக்கு சார்: ஐ வந்தா… ஆடுமா?

நூறு: ஆமா சார்.

கணக்கு சார்: என்னம்மா சொல்றே? ஐ கற்பனை எண்ணும்மா! உலகத்துல எங்கயும் இல்லாத எண்ணுன்னு நானே வருஷா வருஷம் கையை விரிச்சுச் சொல்றேன்! "இல்லாததை இருக்குன்னு வச்சுக்குவோம் பசங்களா"ன்னு… அதுவா தினம் என் நெஞ்சுல அறைஞ்சுக்கிட்டு இருக்கு?

நூறு: அதேதான் சார்.

கணக்கு சார்: மேடம், நிஜமாவா?

மேடம்: நிஜம்தான் சார். …ரெண்டாவது கேள்வி. அறையாம மூடணும்னா?

நூறு: ஐ வரக் கூடாது. அடக்கறதைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு இடத்துல ரூட்டுக்குள்ள பூஜ்யம் ஆகும். அம்பத்திரண்டுக்கு ரூட். ஏழுக்குக் கொஞ்சம் மேல. அங்க ஆடாம, சத்தம் இல்லாம, சட்டுனு வந்து உட்காரும். அதுக்கும் மேல எண்ணெயைக் கெட்டியாக்கினா அறையாது, ஆனா மூடவே நேரமாகும். அதுவரைக்கும் காத்து வந்து சாருக்குக் குளிர் அடிக்கும்.

கணக்கு சார்: பார்த்தியா, வாய்ப்பூட்டு திறந்ததும் என்னையே நக்கல் பண்றா!

மேடம்: போதும். போதும்மா. நான் புத்தகத்துல ஒரு பாடம் முழுக்க இழுக்கிறதை ஒரு கதவுலயே முடிச்சுட்டே.

நூறு: பாஸா மேடம்?

மேடம்: பாஸாவா? முழு மார்க். ஃபோன்லயே ஏத்திட்டேன், இதோ, போயாச்சு. சார், நீங்க போயி அவங்க அப்பாகிட்ட…

கணக்கு சார்: இங்கேருந்தே சொல்றேன். ஐயா! பெட்டியைத் திரும்ப ஹாஸ்டலுக்கே கொண்டு போங்க! உங்க பொண்ணு எங்கயும் வரல! …மனுஷன் எழுந்திரிக்கவும் முடியாம உட்காரவும் முடியாம தவிக்கறாரு பாரு. தம்பி, நீ பிடிடா அந்தப் பக்கத்தை!

மேடம்: அவனை விடுங்க சார், அவனை உள்ள வரச் சொல்லுங்க. அந்த வீட்டுப்பாடத்தை.

நூறு: அவனை எதுக்கு மேடம்?

மேடம்: எதுக்கா? அவன் தாளைத்தானே நான் நாறடிச்சேன். நாளைக்கு அதே வகுப்புல, அதே இடத்துல நின்னு, அது சரி, நான்தான் தப்புன்னு சொல்லப் போறேன். சாரும் வர்றார். இனிமே அந்த முதல் பக்கத்தை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தப் போறோம். இல்லையா சார்?

கணக்கு சார்: வரேன்மா. ஒரு ஸ்பிரிங்கை மட்டும் கையில குடு, நான் அதைத் தொட்டே பார்த்ததில்ல.

மேடம்: அதுக்கு முன்னாடி அவன்கிட்ட தனியாப் பேசணும். அந்த விடைக்கு மார்க் போடணும். எவ்வளவு துணிச்சல் இருந்தா, வகுப்பே சிரிக்கும்போது எழுந்து "நான்தான்"னு நிப்பான்! ஏன் நீ இன்னும் நகராம நிக்கறே? போய்க் கூப்பிடு.

நூறு: அவனுக்கு மார்க் வேண்டாம் மேடம்.

மேடம்: அதை நீ என்ன சொல்றது?

நூறு: அவன் அன்னைக்குத் தாளே குடுக்கல மேடம்.

கணக்கு சார்: தாளே குடுக்கலியா? அப்ப எழுந்து நின்னது…

நூறு: "எனக்கு எப்படியும் சைபர்தான், நீ உட்காரு"ன்னு எழுந்திரிக்கப் போன என்னைப் பக்கத்துலேருந்து கையைப் பிடிச்சு அமுக்கிட்டு அவன் எழுந்துட்டான் சார்… ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்ச சந்தோஷத்துல நான்தான் பேர் எழுத மறந்து குடுத்துட்டேன். வீட்டுப்பாடம்ங்கிற பேரு எனக்கு வர வேண்டியது மேடம்.